கிண்ணத்தில் வளரும் மூச்சுக்குழல்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இயலும் இசையும் நாடகமும் முழங்குவதே மரபு. அம்மரபுக்கிடையே நோயைப் பற்றியும் சளியைப் பற்றியும் பேச ஒருவன் எழுந்து நிற்பது சற்றுப் பொருந்தாத செயலாகத் தோன்றலாம். எனினும், சங்கச் செயலாளர் அவர்கள் என்னை அழைத்தபோது, அறிவியல் பற்றி ஏதேனும் சொல்லுங்கள், ஆனால் அது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படும்படி இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அவ்வேண்டுகோளின் பிற்பகுதியை மனத்திற்கொண்டே இப்பொருளைத் தேர்ந்தேன்.

தலைநகரின் குளிர்காலம் நமக்குப் புதியதன்று. பனியும் புகையும் கலந்து இறங்கும் நாட்களில் நம் காலனியில் இருமாத குழந்தையே இல்லை. பெரும்பாலான இருமல், பனி விலகியதும் தானும் விலகிவிடுகிறது. ஆனால் ஆயிரத்தில் ஒரு குழந்தையேனும் கோடையிலும் இருமுகிறது, மாரியிலும் இருமுகிறது. எவ்வளவு ஊட்டினாலும் உடம்பு தேறுவதில்லை. ஒருவர் 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்பார். மற்றொருவர் ஆஸ்துமா என்பார். அத்தகைய குழந்தைகளுள் சிலரைப் பற்றியிருக்கும் நோய் ஒன்றையும், அந்நோயின் மறையை அவிழ்க்க விஞ்ஞானிகள் மூச்சுக்குழலின் உட்தோலையே கிண்ணத்தில் பயிரிட்டுப் பார்த்த வரலாற்றையும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அந்நோயின் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்.

நோயின் வரலாறு

முத்தமிடும்போது நெற்றி உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்பது ஐரோப்பிய நாடுகளில் வழங்கிவந்த பழைய நம்பிக்கை. கிராமத்துத் தாய்மார்கள் கண்டறிந்த அவ்வுண்மையின் காரணம் மருத்துவ உலகுக்கு வெகுகாலம் விளங்கவில்லை. 1938ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய டோரதி ஆண்டர்சன் என்னும் அம்மையார், இறந்த குழந்தைகளின் உடல்களைச் சோதித்து, அவர்களின் கணையத்தில் கட்டிகளும் தழும்பும் நிறைந்திருப்பதைக் கண்டு, இதனைத் தனியொரு நோயென விளக்கினார். நோயின் பெயரும் அக்கணையத்தின் தோற்றத்திலிருந்தே வந்தது.

1948ஆம் ஆண்டில் நியூயார்க்கில் கடும் வெப்ப அலை வீசியது. வெயிலுக்கு ஆற்றாது சுருண்டு விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளுள் பலர் இந்நோயுடையோராய் இருந்தனர். இஃது ஏன் என்று பால் டி சாண்ட் ஆக்னீஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்தார். அக்குழந்தைகளின் வியர்வையில் உப்பு அளவுக்கு மீறி வெளியேறுகிறது என்பதனை 1953இல் அவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டனர். 1959இல் கிப்சன், குக் என்னும் இருவர், தோலில் ஒரு மருந்தை மெல்லிய மின்னோட்டத்தால் செலுத்தி, அவ்விடத்து வியர்வையைச் சேகரித்து அளக்கும் முறையை வகுத்தனர். இந்நோயை உறுதி செய்ய இன்றளவும் உலகெங்கும் கையாளப்படுவது அந்த வியர்வைச் சோதனையே. தாய் தன் உதட்டால் அறிந்ததை மருத்துவர் கருவியால் அறிந்தார் என்று கொள்ளலாம்.

உப்பு ஏன் கசிகிறது? 1983இல் பால் குவிண்டன் என்னும் உடலியல் அறிஞர், வியர்வைக் குழாயின் சுவரினூடே குளோரைடு புக இயலாமையே காரணம் என்று காட்டினார். அவர் தாமே இந்நோயுடன் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1989இல் லாப்-சீ சூயி, ஜாக் ரியோர்டன், பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள், ஏழாம் குரோமோசோமில் இதற்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தன. அம்மரபணுவின் கட்டளைப்படி உருவாகும் புரதம் 1,480 அமினோ அமிலங்களால் ஆனது. உயிரணுவின் சுவரில் அமர்ந்து குளோரைடுக்கு வழிவிடும் வாயில் அது. ஐரோப்பிய வழியினரான நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அந்தச் சங்கிலியில் 508ஆம் இடத்திலுள்ள ஒரேயொரு கண்ணி இல்லை. அந்த ஒரு கண்ணி இன்மையால் புரதம் சரியாக மடிந்து உருப்பெறாமல், தன் இடத்தைச் சேருமுன்னரே உயிரணுவுக்குள் அழிக்கப்பட்டுவிடுகிறது.

மூச்சுக்குழல் என்னும் வாய்க்கால்

வியர்வையில் உப்பு மிகுதலால் மட்டும் இக்குழந்தைகள் இறப்பதில்லை. உயிரைக் குடிப்பது நுரையீரலில் குடியேறும் கிருமிகளே. அது நேர்வது எவ்வாறு?

நாள்தோறும் பதினாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட காற்றை நாம் உள்ளிழுக்கிறோம். அதனுடன் தூசியும் கிருமியும் உடன் செல்கின்றன. ஆயினும் நுரையீரல் தூய்மையாகவே இருக்கிறது. மூச்சுக்குழலின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய தோலே அதற்குக் காரணம். அத்தோலின் உயிரணுக்களிற் பலவற்றின் தலையில் நுண்ணிய மயிரிழைகள் உள்ளன. ஓர் உயிரணுவில் ஏறக்குறைய 200 இழைகள். காற்றில் அசையும் நெற்பயிர்போல் அவை ஒருங்கே, நொடிக்குப் பத்து முறைக்கு மேலும், ஒரே திசையில் வீசுகின்றன. அவற்றின் அடிப்பகுதி மெல்லிய நீர்ப்படலத்தில் நனைந்திருக்கிறது. அப்படலத்தின் ஆழம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் அதில் 7 கூறு மட்டுமே. அதன்மேல் சளி ஒரு போர்வைபோல் மிதக்கிறது. தூசியும் கிருமியும் அச்சளியில் ஒட்டிக்கொள்ள, இழைகள் அதனைத் தொண்டை நோக்கித் தள்ளிவிடுகின்றன. வாய்க்காலில் நீரோட்டம் இருக்கும்வரை அதில் வீழ்ந்த சருகு நிற்காது ஓடிவிடுவதுபோல இது நிகழ்கிறது.

நீர் வற்றினால் வாய்க்கால் தூர்ந்துபோகும். குளோரைடு வாயில் இயங்காதபோது, உப்பைப் பின்தொடர்ந்து வரவேண்டிய நீர் வருவதில்லை. சளி இறுகுகிறது, இழைகள் அதன் பாரத்தின்கீழ் மடிகின்றன, அசையாத சளியில் கிருமிகள் வேரூன்றுகின்றன. இளமையில் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்றவை. பின்னர் சூடோமோனாஸ் என்னும் கிருமி. மண்ணிலும் நீரிலும், நம் வீட்டுச் சாக்கடைக் குழாய்களிலுங்கூடச் சூடோமோனாஸ் வாழ்கிறது. நலமுடையோரை அஃது ஒன்றும் செய்வதில்லை. இந்நோயாளியின் நுரையீரலில் புகுந்துவிட்டாலோ, தன்னைச் சுற்றிப் பசைபோன்ற ஒரு கோட்டையை எழுப்பிக்கொண்டு பல ஆண்டுகள் தங்கிவிடுகிறது. கிருமிகள் கூட்டமாய் அமைக்கும் அக்கோட்டையை உயிர்ப்படலம் என்பர்.

நாற்றங்கால்

இவற்றையெல்லாம் எவ்வாறு கண்டறிந்தனர்? உயிருள்ள குழந்தையின் மூச்சுக்குழலைத் திறந்து நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. இறந்தோரின் நுரையீரலோ போர் முடிந்தபின் காணும் களம். போர் தொடங்கிய விதம் அதில் தெரியாது. 1992இல் இம்மரபணு பழுதுற்ற எலிகளை அமெரிக்காவில் உருவாக்கினர். அவ்வெலிகளுக்குக் குடல் அடைப்பு வந்தது. ஆனால் மனிதருக்கு நேரும் நுரையீரல் நோய் தானாக வரவில்லை. எனவே, மனித உயிரணுவையே பயிரிட்டுப் பார்ப்பதன்றி வேறு வழி சுருக்கமாக இல்லை.

தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்தோர் நம்மில் பலர் இருக்கின்றீர்கள். நாற்றங்காலை நினைவு கூருங்கள். நாற்றின் வேர் சேற்றிலும் நீரிலும் நனைந்திருக்கவேண்டும். தலை காற்றிலும் வெயிலிலும் நிமிர்ந்திருக்கவேண்டும். முழுதும் மூழ்கினால் நாற்று அழுகிவிடும். மூச்சுக்குழலின் உயிரணுக்களும் அத்தகையனவே. அவற்றை நீர்மத்தில் மூழ்கவைத்தே வளர்த்தவரையில் அவை தட்டையாய்ப் பரவினவேயன்றி, மயிரிழைகளைச் செவ்வனே பெறவில்லை. 1980களின் இறுதியில், கீழே ஊட்டநீரும் மேலே காற்றும் அமையுமாறு வளர்க்கும் முறை உருவாகியது.

அம்முறை இது. நோயாளியின் மூக்கிலோ மூச்சுக்குழலிலோ மெல்லிய தூரிகையால் வருடி உயிரணுக்களை எடுக்கின்றனர். அல்லது மாற்று நுரையீரல் பொருத்தும் அறுவையின்போது அகற்றப்படும் பழைய நுரையீரலிலிருந்து அவற்றைப் பிரிக்கின்றனர். நுண்துளைகள் நிறைந்த ஒரு சவ்வை அடியாகக் கொண்ட சிறு கிண்ணத்தில் அவற்றை விதைக்கின்றனர். தொடக்கத்தில் மேலும் கீழும் ஊட்டநீர் இருக்கும். உயிரணுக்கள் நெருங்கி ஒரு விரிப்புப்போல் ஆனதும், மேலுள்ள நீரை வடித்துவிடுகின்றனர். அன்றுமுதல் அவை கீழே துளைகளின் வழியே உண்டு, மேலே காற்றைத் தொட்டு வாழ்கின்றன. மூன்று, நான்கு வாரங்களில் சில உயிரணுக்கள் மயிரிழை பெறுகின்றன. சில சளி சுரக்கின்றன. சில அடியில் தங்கி மற்றவற்றுக்கு வித்தாகின்றன. நுண்பெருக்கியின்கீழ் பார்த்தால் அவ்விழைகள் வீசுவது கண்ணுக்குத் தெரியும். நகத்தின் அகலமே உள்ள அச்சவ்வின்மீது, உயிருள்ள மூச்சுக்குழலின் ஒரு துண்டு வளர்ந்து நிற்கும்.

கிண்ணம் கற்பித்தவை

இத்தகைய கிண்ணங்கள் ஒரு பெரும் வழக்கிற்குச் சாட்சியாயின. 1996இல் அயோவா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வெல்ஷ் குழுவினர் ஒரு செய்தியை வெளியிட்டனர். நலமுள்ளோரின் திசுமீது சில கிருமிகளை இட்டால் அவை மடிகின்றன. நோயாளியின் திசுமீது அவை மடிவதில்லை. மேற்பரப்பு நீரில் உப்பு மிகுந்து, உடலின் இயற்கையான கிருமிக்கொல்லிகளை அது முடக்குகிறது என்பது அவர்களின் விளக்கம். 1998இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பௌச்சர் குழுவினர் இதனை மறுத்தனர். உப்பின் செறிவில் குறையில்லை, நீரின் அளவே குறைகிறது என்பது அவர்கள் கட்சி. அவர்களுடைய கிண்ணங்களில் நலமுள்ள திசுமீது சளி ஒரு சுழல்போல் வட்டமிட்டுச் சென்றது. நோயுற்ற திசுமீது நீர் உறிஞ்சப்பட, அச்சுழல் நின்றுவிட்டது.

பின்வந்த அளவீடுகள் உப்புச் செறிவுக் கொள்கைக்குத் துணை நிற்கவில்லை. ஆயினும் முதற்குழுவினர் கண்ட நிகழ்ச்சி பொய்யன்று. அவர்களே நோயுற்ற பன்றிகளை உருவாக்கி ஆராய்ந்து, மேற்பரப்பு நீர் அமிலத்தன்மை கொள்வதால் கிருமிக்கொல்லிகள் வலுவிழக்கின்றன என்று 2012இல் காட்டினர். தம் விளக்கத்தைத் தாமே திருத்திக்கொள்ளும் இப்பண்பை அறிவியலின் அணிகலன் என்று கூறினால் மிகையாகாது.

நீர் வற்றுகிறது என்ற கருத்துக்குக் கடற்கரையிலிருந்தும் ஒரு சான்று வந்தது. ஆஸ்திரேலியாவில் அலைமீது விளையாடும் பழக்கமுடைய நோயாளிகள், கடலாடிய பின்னர் தம் மூச்சு இலேசாவதை உணர்ந்திருந்தனர். செறிந்த உப்புநீரை நுண்துளிகளாக்கி உள்ளிழுத்தால் நன்மை உண்டு என்பது 2006இல் முறையான சோதனைகளால் உறுதியாயிற்று. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் பழமொழி. மூச்சுக்குழலுக்கும் அது பொருந்துவதைக் காண்கிறோம்.

கிருமிகளைப் பற்றியும் கிண்ணங்கள் பல கற்பித்தன. ஆய்வுக்கூடத்தில் பிளாஸ்டிக் தட்டின்மேல் சூடோமோனாஸ் கோட்டை கட்டும். அதனைத் தாக்கி மருந்துகளைச் சோதிப்பதே வழக்கமாயிருந்தது. அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் அக்கிருமியை நோயாளியின் மூச்சுக்குழல் உயிரணுக்களின்மேல் வளர்த்தனர். பிளாஸ்டிக்கின்மேல் அமைந்த கோட்டையை விட உயிரணுவின்மேல் அமைந்த கோட்டை, டோப்ராமைசின் என்னும் மருந்தைப் பன்மடங்கு எதிர்த்து நின்றது. நோயுற்ற உயிரணுக்கள் இரும்புச்சத்தை மிகுதியாக வெளிவிடுகின்றன என்பதையும், அவ்விரும்பே கிருமிக்கு உரமாகிறது என்பதையும் 2008இல் அவர்கள் கண்டனர். அடிக்கடி இரத்தம் ஏற்றப்படும் தலசீமியாக் குழந்தைகளுக்கு இரும்பை அகற்றத் தரப்படும் மருந்துகளை நீங்கள் அறிந்திருக்கலாம். அவற்றை டோப்ராமைசினுடன் சேர்த்தபோது கிண்ணத்தில் கோட்டை சரிந்தது. கிண்ணத்தில் நடப்பதெல்லாம் உடலில் நடக்கும் என்று சொல்வதற்கில்லை. எனினும் பிளாஸ்டிக் தட்டு ஒருபோதும் காட்டியிராத வழியொன்றை உயிருள்ள திசு காட்டிற்று.

மருந்து பிறந்த கதை

இனி மகிழ்ச்சிக்குரிய செய்திக்கு வருகிறேன். பழுதுற்ற குளோரைடு வாயிலைத் திறக்கவல்ல மருந்தைத் தேடியோர், நோயாளிகளின் உயிரணுக்களால் ஆன இக்கிண்ணங்களிலேயே தம் கண்டுபிடிப்பைச் சோதித்தனர். ஒரு மருந்தை இட்டதும் குளோரைடு பாய்ந்தது, நீர்ப்படலம் உயர்ந்தது, ஓய்ந்திருந்த இழைகள் மீண்டும் விரைந்து வீசின. 2009இல் வெளியான அச்செய்தியின் நாயகனான ஐவாகாஃப்டர், 2012இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. நோயாளிகளுள் நூற்றுக்கு நால்வர் அல்லது ஐவருக்கே அது பயன்பட்டது. 2019இல் மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்து ஒப்புதல் பெற்றது; அமெரிக்க நோயாளிகளுள் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அஃது ஏற்றதாயிருந்தது. 1950களில் பள்ளி செல்லும் வயதை எட்டியோர் சிலரே. இன்று அந்நாட்டில் இந்நோயுடையோரிற் பாதிக்கு மேற்பட்டோர் வயது வந்தவர்கள்.

அப்படியாயின் கிண்ணங்களின் பணி முடிந்துவிட்டதா என்றால், இல்லை. வாயில் திறந்த பின்னரும், நெடுநாள் குடியிருந்த சூடோமோனாஸ் பலரிடம் முற்றும் ஒழிவதில்லை. குறைந்து, பின் மீண்டும் தலைதூக்குவதும் உண்டு. அன்றியும், கிண்ணத்துக்கும் குறைகள் உள. அதில் இரத்த ஓட்டம் இல்லை. கிருமியுடன் போரிடும் வெள்ளணுக்கள் இல்லை. சளி சுரக்கும் ஆழ்ந்த சுரப்பிகள் இல்லை. ஆகவே, வெள்ளணுக்களையும் சேர்த்து வளர்ப்பதும், காற்றும் நீரும் ஓடும் நுண்வழிகள் அமைந்த சிறு சில்லுகளில் திசுவை வளர்ப்பதும், தோல் அல்லது இரத்த உயிரணுவை மூல உயிரணுவாக மாற்றி அதிலிருந்து மூச்சுக்குழல் திசுவை ஆக்குவதும் இப்போது நடைபெற்று வருகின்றன.

ஒன்று கூட இயலாதோர்

அன்பர்களே, இங்கு நாம் தோளோடு தோள் உரசி அமர்ந்திருக்கிறோம். விழா முடிந்ததும் ஒரே பந்தியில் உண்போம். ஊரை விட்டு வந்தோர்க்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை. இந்நோயுடைய குழந்தைகளும் ஒருகாலத்தில் கோடை முகாம்களில் ஒன்று கூடினர். தம்மைப்போல் இருமும் இன்னொரு பிள்ளையைக் கண்டு மகிழ்ந்தனர். ஆனால் அக்கூட்டங்களில் பர்க்ஹோல்டேரியா என்னும் கொடிய கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவியது தெரியவந்தது. 1990களின் தொடக்கத்தில் அம்முகாம்கள் கைவிடப்பட்டன. அந்நோயுடையோர் இருவர் சந்திக்க நேர்ந்தால் ஆறடி தூரம் விலகியிருக்கவேண்டும் என்பது மருத்துவ விதி. ஒரே துன்பத்தை அனுபவிப்போர் ஒருவரையொருவர் தழுவவும் இயலாத நிலையை எண்ணிப் பாருங்கள். அவர்கள் அளித்த உயிரணுக்களே உலகின் பல ஆய்வுக்கூடங்களில், கிண்ணந்தோறும், அவர்கள் சார்பில் கிருமியுடன் போரிட்டுக்கொண்டிருக்கின்றன. பழுதுற்றுப்போய் அகற்றப்பட்ட தம் நுரையீரலையும் பிறர்க்குப் பயன்படட்டும் என்று ஈந்த அவர்களின் கொடை சிறிதன்று.

நம் வீட்டுக்கு என்ன?

இது வெள்ளையர் நோய், நமக்கில்லை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அது தவறு. ஐரோப்பியரிடையே ஏறத்தாழ 3,000 பிறப்புக்கு ஒன்று எனக் காணப்படும் இந்நோய் இந்தியாவிலும் உண்டு என்பது பல ஆண்டுகளுக்கு முன்னரே நிலைநாட்டப்பட்டது. நம் தலைநகரின் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்துக் குழந்தை மருத்துவர்கள், குறைந்த செலவில் வியர்வைச் சோதனை செய்யும் முறையை உருவாக்கியுள்ளனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இந்நோய்க்குரிய மருத்துவமும் மரபணுச் சோதனையும் உண்டு. ஐரோப்பியரிடம் மிகுந்து காணும் மரபணுப் பழுது நம்மிடம் அத்துணை மிகுதியாக இல்லை. நமக்கே உரிய வேறு பழுதுகள் உள்ளன. ஆதலின், அவர்களுக்கென ஆக்கிய மருந்து நம் குழந்தைக்குப் பயன்படுமா என்பதனை அறிய அக்குழந்தையின் உயிரணுவைக் கிண்ணத்தில் வளர்த்துப் பார்ப்பது பெருந்துணையாகும். அருகிக் காணும் பழுதுகள் சிலவற்றுக்கு, ஆய்வுக்கூட உயிரணுச் சோதனையை மட்டுமே சான்றாகக் கொண்டு ஐவாகாஃப்டர் மருந்தை அமெரிக்க அரசு 2017இல் அனுமதித்தது. கூட்டு மருந்தின் விலையோ 2019இல் ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர் எட்டமுடியாத விலை அது. அவ்விலை குறைய அரசுகளும் சங்கங்களும் குரல் எழுப்பவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தாய், தந்தை இருவரிடமும் பழுதுற்ற மரபணு ஒன்றொன்று மறைந்திருந்தால்தான் குழந்தைக்கு இந்நோய் வரும். மறைவாகச் சுமப்போர் நலமாகவே இருப்பர். அத்தகைய இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் நம்மிடையே உள்ளது. நெருங்கிய உறவினர் ஒரே முன்னோரின் பழுதை இருபுறமும் சுமந்திருக்கும் வாய்ப்பு மிகுதி. எவருடைய குடும்பத்தையும் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. குடும்பத்தில் காரணம் தெரியாது குழந்தைகள் இறந்திருப்பின், மணம் பேசுமுன் மருத்துவரிடம் ஒரு சொல் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

தாய்மார்களே, நான் கூறியவற்றுள் பெயர்களும் ஆண்டுகளும் மறந்துபோகலாம், கேடில்லை. நான்கை மட்டும் நினைவில் வையுங்கள். குழந்தையின் தோல் உப்புக் கரித்தல். மாதக்கணக்கில் விடாத சளியிருமல். நன்றாக உண்டும் எடை ஏறாமை. எண்ணெய் மிதப்பதுபோன்று நாற்றமுடைய மலம். இவற்றுள் இரண்டொன்று சேர்ந்து காணப்பட்டாலோ, கோடையில் குழந்தை காரணமின்றித் துவண்டு உப்புச்சத்து இழந்தாலோ, வியர்வைச் சோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். ஆண்டுக்கணக்கில் வேறு நோய்க்கு மருந்துண்டு காலம் கழிப்பதினும், ஒரு நாள் சோதனை மேலானது. விலையுயர்ந்த புதுமருந்து கிட்டாவிடினும், நோயை முன்னரே அறிந்தால் கணையச் சாறு அடங்கிய மருந்தும், உப்பும், நல்லுணவும், மார்பைத் தட்டிச் சளியகற்றும் பயிற்சியும், காலத்தே தரும் கிருமிக்கொல்லி மருந்தும் குழந்தையின் ஆயுளை நீட்டும்.

 நம் பிள்ளைகள் நலமாக மூச்சுவிட்டு நெடிது வாழ்க. சங்கம் வளர்க.